தெரியாமை யாருடைய குற்றம்?

'சட்டம் தெரியாது என்று சொல்வது மன்னிப்பாகாது.' இந்த வாசகத்தை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1988இல் எங்கள் பக்கத்துத் தாலுகா ஆபீஸ் ஒன்றில் கேட்டேன். அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்த நான் அவர் பின்னால் நின்றேன். எதிரில் அதிகாரி. அதிகாரிக்குப் பக்கத்தில் நாற்காலியில் ஊர்த்தெருக்காரர், எங்கள் நிலத்தைப் பயிர் வைத்துக்கொண்டிருந்தவர்.

விஷயம் இதுதான். கொள்ளுத்தாத்தா காலத்தில் சர்க்கார் கொடுத்த நிலம், ஒரு ஏக்கரும் சொச்சமும். 1961இல் எங்க அத்தை கல்யாணத்துக்குத் தாத்தா முந்நூறு ரூபாய் வாங்கினார். கர்ணம் ஒரு காகிதம் எழுதினார். "இன்னா எழுதி கீது சாமி, கொஞ்சம் படிச்சிக் காட்டுங்க" என்று தாத்தா கேட்டாராம். "படிச்சா மட்டும் உனக்குப் புரியப் போவுதா? வெய்டா கைய" என்றாராம் கர்ணம். தாத்தா பெருவிரலை வைத்தார். அவர் கடன் பத்திரம் என்று நினைத்தது கிரயப் பத்திரம். அதுக்கப்புறம் எங்கள் வீட்டுப் பெண்கள் சொந்த நிலத்திலேயே கூலிக்குக் களை எடுத்தார்கள்.

அப்பா கொடுத்த மனுவை அதிகாரி புரட்டிப் பார்த்தார். "ஏம்பா, இது நிபந்தனை நிலம். மத்தவங்களுக்கு விக்கக் கூடாதுன்னு கண்டிஷன் போட்டுத்தான குடுத்திருக்கு? வித்தது உங்கப்பன் செஞ்ச தப்பு."

"எங்களுக்கு அது தெரியாதுங்க சாமி."

"சட்டம் தெரியாதுன்னு சொன்னா அது மன்னிப்பாகாது."

நாற்காலிக்காரர் சிரித்தார். அப்பா கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

விற்கக் கூடாததை விற்றது தப்பு என்றால், வாங்கக் கூடாததை வாங்கியது என்ன? அந்தக் கிரயம் செல்லாது என்றால் நிலம் யார் கைக்கு வரணும்? இந்தக் கேள்விகள் எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்கத் தைரியம் இருந்திருக்காது. தெரியாமல் செய்தவர்கள் இரண்டு பக்கமும் இருக்கலாம், ஆனால் தெரியாமை எங்களுக்கு மட்டும்தான் குற்றமாச்சு என்பது மட்டும் உறைத்தது. முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேலாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த வாசகத்துக்கு ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆளாளுக்குத் 'தெரியாது' என்று சொல்லித் தப்பிக்க ஆரம்பித்தால் எந்தச் சட்டமும் நிற்காது. ஆனால் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒருவனைக் கேட்பதற்கு முன்னால், தெரிந்துகொள்ள அவனுக்கு வழி இருந்ததா என்று கேட்க வேண்டாமா?

நீதிமன்றமே இதைக் கேட்டிருக்கிறது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் 1923இல் அபினிச் சட்டம் ஒன்றை நிர்வாகக் கவுன்சில் தீர்மானமாக நிறைவேற்றியது. அதை ஊருக்கு அறிவிக்கவும் இல்லை, கெசட்டில் போடவும் இல்லை. அந்தச் சட்டத்தின்கீழ் ஹர்லா என்பவருக்கு 50 ரூபாய் அபராதம் விதித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. ஐம்பது ரூபாய்க்கு! 1951இல் நீதிபதி விவியன் போஸ் தீர்ப்பு எழுதினார். மக்கள் எவ்வளவு முயன்றாலும் தெரிந்துகொள்ள முடியாத ஒரு சட்டத்தைக் கொண்டு அவர்களைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு விரோதம், அறிவிக்கப்படாத சட்டம் சட்டமே ஆகாது என்பது அதன் சாரம்.

இன்னொரு தீர்ப்பு 1979ஆம் வருஷத் தொகுதிகளில் இருக்கிறது. மோதிலால் பதம்பத் சர்க்கரை ஆலை உத்தரப்பிரதேச அரசுக்கு எதிராகப் போட்ட வழக்கு. ஆலை தன் வரிச் சலுகை உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டது என்று அரசு வாதாடியது. நீதிபதி பகவதி ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவன் தன் உரிமையை விட்டுக்கொடுத்தான் என்று சொல்ல வேண்டுமானால் அந்த உரிமை இருப்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், எல்லோருக்கும் எல்லாச் சட்டமும் தெரியும் என்று அனுமானிக்க முடியாது என்று அவர் தீர்ப்புச் சொன்னார்.

இந்தத் தீர்ப்பைப் படித்த அன்றைக்கு எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. வக்கீல்களை வரிசையாக நிறுத்தக்கூடிய ஆலை முதலாளிக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று நீதிமன்றம் ஒப்புக்கொள்கிறது. அது வெளியாகி ஒன்பது வருஷம் கழித்தும், கைநாட்டு வைத்த எங்க தாத்தாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று தாலுகா ஆபீஸ் சொல்கிறது. அந்த அதிகாரிக்கும் இந்தத் தீர்ப்பு தெரியாது போல. அவருடைய தெரியாமையை யார் மன்னித்தார்கள்? எல்லோரும்தான்.

நமக்குத் தெரியாமல் போனது தற்செயலாக நடந்ததல்ல. சூத்திரன் வேதத்தைக் கேட்டால் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொன்னது கௌதம தர்மசூத்திரம். சூத்திரனுக்கே அது என்றால், அவனுக்கும் கீழே வைக்கப்பட்டவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கேட்டால் காதில் ஈயம் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள், கேட்காமல் விட்டது உன் குற்றம் என்று இன்னொரு காலத்தில் சொல்கிறார்கள். 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் முன்னிலையில் மனுஸ்மிருதியைக் கொளுத்தினார்கள். பழைய சட்டத்தைக் கொளுத்துவது பாதி வேலை. புதிய சட்டத்தை நம் கையில் வாங்கிப் படிப்பது மிச்சப் பாதி. அந்தப் பாதி இன்னும் முடியவில்லை.

கிராமத்தில் இது எப்படி நடந்தது என்று பார்க்கணும். காகிதம் வருவதற்கு முன்னால் நிலத்தின் எல்லை யாருக்குத் தெரியும்? நம்மாளுக்குத்தான். எல்லைத் தகராறு வந்தால் வெட்டியானைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எந்த மடைக்கு எத்தனை நிலம் பாயும், எந்தக் கல் நகர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவன் மனசில் இருந்த கணக்கு. அப்புறம் சர்வே வந்தது, பதிவேடு வந்தது. நம் வாயில் இருந்த அறிவு கர்ணம் வீட்டுப் பெட்டிக்குள் போய்விட்டது. கிராமக் கணக்கு சர்க்காருடையது, ஆனால் இருந்தது கர்ணத்தின் வீட்டில், அவருடைய தெருவில். அந்தத் தெருவில் நாம் செருப்புப் போட்டு நடக்க முடியாது. அந்த வீட்டுத் திண்ணையில் ஏற முடியாது. ஏற முடியாத திண்ணைக்கு அந்தப்புறம் இருக்கிற பதிவேட்டைப் 'பொது ஆவணம்' என்று எப்படிச் சொல்வது?

இதில் இன்னொரு கூத்து. சர்க்கார் உத்தரவை ஊருக்குத் தெரிவித்தவர்களும் நாம்தான். தண்டோரா போட்டது நம் கை, கூவியது நம் தொண்டை. வரி கட்டு, ஏலத்துக்கு வா, கலெக்டர் வருகிறார் என்று தெருத்தெருவாகச் சொன்னவனுக்கு, தன் பேரில் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. 2022இல்தான் தமிழ்நாடு அரசு தண்டோரா முறைக்குத் தடை போட்டது. பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980இல் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பெட்டி ஆபீசுக்கு வந்தது. சாவி எல்லோருக்கும் வந்துவிட்டதா என்பது வேறு விஷயம்.

பஞ்சமி நிலத்தின் வரலாறே இந்தக் கேள்விக்கு அத்தாட்சி. செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். நிலம் இல்லாததுதான் அடிமைத்தனத்தின் வேர் என்று அதில் காட்டினார். 1892 செப்டம்பர் 30இல் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் ஒப்படைக்கப்பட்டது. பத்து வருஷத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதற்கப்புறமும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத் தவிர மற்றவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று நிபந்தனை. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் கொடுக்கப்பட்டதாக இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எப்படிப் போனது? அடித்துப் பிடுங்கியது கொஞ்சம், கடனுக்கு எழுதி வாங்கியது கொஞ்சம். சத்தமே இல்லாமல் பேனாவால் போனதும் உண்டு. 1979இலிருந்து 1987 வரை நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று நடந்தது. யு.டி.ஆர். என்று சுருக்கிச் சொல்வார்கள். கிராமக் கணக்குகளைப் புதிதாக எழுதினார்கள். பழைய பதிவேட்டில் 'டி.சி.' என்று இரண்டு எழுத்து இருந்த எத்தனையோ இடங்களில் புதியதில் அது இல்லை. அனுபவத்தில் இருந்தவர் பெயர் மட்டும் ஏறியது. எங்கள் நிலத்துக்கும் அதுதான் நடந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்தொன்பது வருஷம் ஆயிற்று.

அந்த வழியை இங்கே எழுதி வைக்கிறேன். வேறு யாருக்காவது பத்தொன்பது நாளில் முடியட்டும். முதலில் இப்போதைய புல எண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டா, சிட்டா, அ-பதிவேட்டு நகல், புலப்படம் எல்லாம் இன்றைக்குத் தமிழ்நாடு அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆனால் அங்கே கிடைப்பது இப்போதைய நிலவரம்தான். திருட்டு நடந்த பின்னால் எடுத்த போட்டோ மாதிரி. அதற்கு முந்தைய யு.டி.ஆர். அ-பதிவேடும், அதற்கும் முந்தைய செட்டில்மென்ட் பதிவேடும் வேண்டும். பழைய புல எண் எது, புதிய எண் எது என்ற ஒப்பீட்டுப் பட்டியலும் வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டால் யார் யாருக்கு எந்த வருஷம் எழுதிக் கொடுத்தார்கள் என்று தெரியும். வருஷா வருஷம் ஜமாபந்தியில் கிராமக் கணக்குகளைத் தாலுகாவில் கொண்டுவந்து வைத்துத் தணிக்கை செய்கிறார்கள், அன்றைக்கு மனுவும் கொடுக்கலாம். பழைய அரசாணைகளுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது.

கேட்டால் கொடுக்க மாட்டேன் என்பார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 எதற்கு இருக்கிறது? நாட்டிலேயே முதலில் 1997இல் தமிழ்நாட்டில்தான் இப்படி ஒரு சட்டம் வந்தது. அது பல் இல்லாத சட்டம். 2005 சட்டத்துக்குப் பல் உண்டு. பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்பு ஒட்டி வெள்ளைத்தாளில் எழுதினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம். எதற்குக் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக் கூடாது. முப்பது நாளில் பதில் வரணும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கும் பதில் சரியில்லை என்றால் தகவல் ஆணையம். நகல் மட்டுமில்லை, பதிவேட்டை நேரில் உட்கார்ந்து பார்க்கும் உரிமையும் அதில் உண்டு. இது பலருக்குத் தெரியாது.

2007இல் நான் கேட்டேன். 'ஆவணம் கிடைக்கப்பெறவில்லை' என்று முதல் பதில். மேல்முறையீடு செய்தேன். ஆவணம் கிடைத்துவிட்டது! எங்கள் தாத்தா பெயர் செட்டில்மென்ட் பதிவேட்டில் இருந்தது. அதற்கு நேராகக் குறிப்புக் கலத்தில் அந்த இரண்டு எழுத்து. பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டி நகல் வாங்கி வந்து அப்பா கையில் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. "இதுல நம்ம பேரு எங்க கீது?" என்றார். காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். தாத்தா பெருவிரலை வைத்தார், அப்பா ஆள்காட்டி விரலை வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நிலம் இன்னும் வரவில்லை. மனு கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் தாலுகாவுக்கும் நடந்துகொண்டிருக்கிறது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். ஆகவே தகவல் கிடைத்தால் நீதி கிடைத்துவிடும் என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் தப்புச் செய்தவன் என்று எந்த ஆபீசரும் இனி என்னை நிற்க வைத்துப் பேச முடியாது. நான் பிச்சை கேட்க வந்தவன் இல்லை, பறிகொடுத்தவன் என்று காட்ட என்னிடம் காகிதம் இருக்கிறது.

இன்றைக்கு என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், இருபது வயசில் எனக்கு இதெல்லாம் கிடைத்திருந்தால் என்று ஏக்கமாக இருக்கிறது. மத்திய, மாநிலச் சட்டங்கள் 'இந்தியா கோட்' தளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. ஒரு வழக்கின் பதினாறு இலக்க எண்ணைப் போட்டால் வாய்தா எப்போது, என்ன உத்தரவு என்று 'ஈகோர்ட்ஸ்' தளம் காட்டுகிறது. 'இந்தியன் கானூன்' தளத்தில் தீர்ப்புகளைத் தேடலாம். உச்ச நீதிமன்றம் சில தீர்ப்புகளைத் தமிழிலும் போடுகிறது. எப்.ஐ.ஆரைப் பதிந்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது (பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகளுக்கு இது பொருந்தாது). 1987ஆம் வருஷத்து சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் போதும்.

இவ்வளவும் 'பொது'. ஆனால் நம் காலனியில் எத்தனை பேருக்கு இது பொது? போன் இருக்கிறது, சினிமா பார்க்கிறோம், ஆனால் சட்டத்தைத் திறந்தால் இங்கிலீஷ். உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. இன்னமும் அங்கே இங்கிலீஷ்தான். 2024 ஜூலை 1இலிருந்து குற்றவியல் சட்டங்கள் மூன்றும் மாறிவிட்டன. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவாம், பெயரைச் சொல்லவே நாக்கு சுளுக்கிக்கொள்ளும். எப்.ஐ.ஆருக்கு 154 என்று கஷ்டப்பட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்தோம், அது 173 ஆகிவிட்டது. திண்ணை உயரம் குறைந்தபாடில்லை, வேறு இடத்தில் கட்டியிருக்கிறார்கள்.

இதுவரைக்கும் அரசைக் குற்றம் சொன்னேன். இனிமேல் என்னைச் சொல்லணும்.

1990களின் நடுவில், பி.ஏ. முடித்து வேலை கிடைக்காமல் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக்கொண்டிருந்தேன். நம் சனங்கள் என்னைத் தேடி வருவார்கள். 1996இல் ஒருநாள் பக்கத்துச் சேரியிலிருந்து ஒரு பெரியம்மா வந்தார். அவர் மகனை ஊர்த்தெரு ஆட்கள் பம்புசெட் பக்கத்தில் கட்டி வைத்து அடித்திருந்தார்கள். ஸ்டேஷனில் வழக்குப் போட்டார்கள், ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் போடவில்லை. மேலதிகாரிக்கு மனு எழுத வேண்டும். எப்.ஐ.ஆர். நகலை மடித்து மஞ்சப்பையில் வைத்திருந்தார். அதை எடுத்துக் கொடுத்து, "இதுல இன்னா எழுதி கீது, படிச்சிக் காட்டு நைனா" என்றார்.

எனக்குப் பின்னால் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். "அதெல்லாம் உனக்குப் புரியாது பெரியம்மா. நான் பாத்துக்கறேன்" என்றேன். இருபது ரூபாய் வாங்கிக்கொண்டேன். வழக்கமாக எழுதுகிற மாதிரி ஒரு மனு எழுதிக் கொடுத்தேன்.

அந்த எப்.ஐ.ஆரில் சம்பவம் டீக்கடை வாசலில் நடந்ததாகவும், இரு தரப்பும் கைகலப்பு செய்ததாகவும் எழுதியிருந்தது. நான் அதை மேலோட்டமாகப் பார்த்தேன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. எங்கே நடந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பெரியம்மாவுக்குத் தெரியும். நான் ஒரு தரம் உரக்கப் படித்திருந்தால், 'டீக்கடையா? எவன் சொன்னது?' என்று அங்கேயே கேட்டிருப்பார். பிற்பாடு கோர்ட்டில் பம்புசெட் என்று சாட்சி சொன்னபோது, முதலில் டீக்கடை என்று சொன்னாயே என்று குறுக்கு விசாரணையில் மடக்கினார்கள். வழக்கு தோற்றது. அந்தக் காகிதத்தின் அடியில் அவருடைய கைநாட்டுதான் இருந்தது. போலீஸ்காரர் அவருக்குப் படித்துக் காட்டவில்லை, நானும் காட்டவில்லை.

கர்ணம் எங்க தாத்தாவிடம் சொன்ன அதே வார்த்தை என் வாயிலிருந்து வந்திருக்கிறது. இது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்த அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. அவரைத் தேடிப் போனேன். அதற்குள் அவர் மகன் ஊரை விட்டே போயிருந்தான். "நீ இன்னா பண்ணுவ நைனா, எய்தினவன் பண்ணது" என்றார். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதனால் என் குற்றம் இல்லாமல் போய்விடாது.

அப்புறம்தான் சட்டத்தை ஒழுங்காகப் படித்தேன். வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதியபின் சொன்னவருக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருந்தது, புதியதிலும் இருக்கிறது. நகலை இலவசமாகக் கொடுக்கணும். வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இலும் இதே இருக்கிறது. 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26இலிருந்து அமலான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் புகாரைப் படித்துக் காட்டுவது அரசு ஊழியரின் கடமை என்று அது சொல்கிறது. தலித் அல்லாத அரசு ஊழியர் வேண்டுமென்றே அதைச் செய்யாமல் விட்டால் ஆறு மாசத்திலிருந்து ஒரு வருஷம் வரை சிறை. 'படிச்சிக் காட்டு' என்று நம் கிழவிகள் கேட்டது பிச்சை இல்லை என்பதை இந்தச் சட்டம் ஒத்துக்கொள்கிறது.

இங்கேதான் என் கேள்விக்கு ஒரு பதில் கிடைக்கிற மாதிரி இருக்கிறது. ஒரு ஆவணம் பெட்டியிலிருந்து ஆபீசுக்கும், ஆபீசிலிருந்து இணையத்துக்கும் வந்துவிட்டால் அது பொதுவாகிவிடாது. யாரைப் பற்றி எழுதியிருக்கிறதோ அவர் காதில் விழுந்து, அவர் 'ஆமாம்' என்றோ 'பொய்' என்றோ சொன்ன பிறகுதான் அது பொது. அதுவரைக்கும் தெரியாமை கேட்பவருடைய குற்றம் இல்லை. படிக்கத் தெரிந்தும் படித்துக் காட்டாதவனுடைய குற்றம். அந்த வரிசையில் அரசு முதலில் நிற்கிறது. நாம் கடைசியில் நிற்கிறோம், ஆனால் வரிசைக்கு வெளியே இல்லை.

இரண்டு ஆட்சேபணை வரும். சட்டமே ஆதிக்கசாதியின் கருவி, அதைப் படித்து என்ன ஆகப் போகிறது என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். 1994 அக்டோபர் 10ஐ நினைத்துப் பார்க்கச் சொல்வேன். காரணைப் பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் போராடியபோது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். அன்றைக்குத் திரண்ட சனங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. நூறு வருஷத்துக்கு முந்தைய அரசாணையைத்தான் கேட்டார்கள். காகிதம் மட்டும் இருந்தால் அது பெட்டியிலேயே கிடக்கும். காகிதம் இல்லாமல் போராடினால் நம்மை ஆக்கிரமிப்பாளர் என்பார்கள். இரண்டும் வேண்டும்.

இன்னொரு ஆட்சேபணை நியாயமானது. படித்தவன் படித்துக் காட்டினால் அவனே புதுக் கர்ணம் ஆகிவிட மாட்டானா? ஆவான். நான் ஆகியிருந்தேன். இருபது ரூபாய் வாங்கியது பெரிய தப்பில்லை, எனக்கும் வயிறு இருந்தது. 'உனக்குப் புரியாது' என்றதுதான் தப்பு. அதற்கு நான் கண்ட ஒரே மருந்து, தனியாகப் படிக்காமல் கூட்டத்தில் படிப்பது. தகவல் கேட்டு மனுப் போடுவதையும் தனியாள் பெயரில் போடாமல் பல பேர் சேர்ந்து ஆளுக்கொன்றாகப் போடுவது. ஒருவன் பெயர் மட்டும் இருந்தால் அந்த மனு கிராமத்துக்கு வந்து சேரும் முன்பே அவன் வீட்டுக்கு ஆள் வந்துவிடும்.

இப்போது எங்கள் காலனியில் மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அம்பேத்கர் சிலை பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது ஒரு காகிதத்தைப் படிக்கிறோம். ஒரு எப்.ஐ.ஆர்., ஒரு தீர்ப்பு, ஒரு பதிவேட்டு நகல். காலேஜ் போகிற பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள். புரியாத இடத்தில் நிறுத்துகிறார்கள். சில நாள் நாலு பேர்தான் வருவார்கள்.

போன மாசம் எங்கள் நிலத்தின் பழைய பதிவேட்டைப் படித்தோம். வடக்கே வாய்க்கால் என்று எழுதியிருந்தது. ஓரத்தில் பீடி குடித்துக்கொண்டிருந்த பெரியப்பா ஒருவர், எண்பது வயசுக்கு மேலே இருக்கும், எழுந்து வந்தார். அவங்க அப்பா ஊர் வெட்டியானாக இருந்தவர்.

"அது தப்பு பாப்பா. வாய்க்கா அப்புறம் வெட்டனது. அங்க ரெட்டப் புளியமரம் இருந்துச்சு. அதுக்கு அந்தாண்ட கல்லு. எங்கப்பா காட்டி கீறாரு. அதையும் எய்திக்கோ."

அந்தப் பெண் என்னைப் பார்த்தது. எழுதும்மா என்றேன். கல் இருக்கிறதா என்று வர ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கப் போகிறோம்.